ஆதிகேசவனின் வலது கை

இலையில் ரசம் விழுந்ததும் ஆதிகேசவன் சட்டைப் பையிலிருந்து அமில அளவு காட்டும் மஞ்சள் காகிதப் பட்டை ஒன்றை எடுத்து அதில் தொட்டுப் பார்ப்பார். நிறம் மாறும்வரை பக்கத்து இலைக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். "நாலு. புளி ஜாஸ்தி" என்று அறிவித்த பிறகுதான் சாதத்தைப் பிசைவார். தொம்மலூரில் மச்சினன் வீட்டு வளைகாப்பில் இப்படிச் செய்யப்போக, சமையற்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். "ரசத்துக்கு டெஸ்ட் வெக்கிற ஆம்பளய நான் எங்கியும் பாத்ததில்ல. பரீட்சைய காலேஜ்ல எழுதுங்க, எலையில எழுதாதீங்க" என்பார் மனைவி மகா.

வயது நாற்பத்து நான்கு. பீன்யாவில் ஸ்கூட்டர் பாகங்களுக்குக் குரோம் முலாம் பூசும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக சூப்பர்வைசர். தொண்ணூற்றெட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பல்கலைக்கழக மாணவர்: சுற்றுச்சூழல் மற்றும் வள மேலாண்மைப் பட்டயப் படிப்பு. சேர்த்துவிட்டவர் முதலாளி தேசிகன். ஜெர்மன்காரர்கள் சரக்கு வாங்க வேண்டுமானால் தொழிற்சாலையில் படித்த சுற்றுச்சூழல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டுமாம். "பாஸ் பண்ணிட்டு வா ஆதி, மாடியில தனி ரூம் தரேன்" என்றிருக்கிறார். அந்த அறையை ஆதிகேசவன் எப்போதோ டேப் வைத்து அளந்துவிட்டார். மேசை ஜன்னலோரம், ஃபேன் மேசைக்கு நேர் மேலே கூடாது, காகிதம் பறக்கும். அமில ஆவியில் பத்தொன்பது வருடம் நின்ற மனிதருக்கு ஒரு ஜன்னல் எவ்வளவு பெரிய ஆசை என்பதை நாம் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

வகுப்பில் முதல் வரிசை. மற்றவர்கள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்; அவரை 'அங்கிள்' என்று கேலி செய்வார்கள், பரீட்சை வந்தால் அங்கிளின் நோட்டுக்குத்தான் அடிதடி. பாடம் நடத்தும் பிரிஜெட் அவரைவிடப் பதினைந்து வயது சிறியவர். அவர் இவரை 'சார்' என்பார், இவர் எழுந்து நின்று 'மேடம்' என்பார். இருவரும் மரியாதை செய்து முடிப்பதற்குள் பாதிப் பாடம் போய்விடும். கற்ற வித்தையை ஆதிகேசவன் வீட்டிலும் விடுவதில்லை. மகா பாத்திரம் தேய்க்கும்போது குழாய் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் போதும், "ரிசோர்ஸ் போவுது மகா, ரிசோர்ஸ் போவுது!" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

கடைசிப் பருவத்தில் ஏதாவது ஒரு தொழிற்சாலையின் கழிவுநீரைப் பரிசோதித்து ஆய்வேடு எழுத வேண்டும். ஆதிகேசவன் வேறெங்கே போவார்? தன் தொழிற்சாலை வாய்க்காலிலேயே பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார். ஆய்வகத்தில் வந்த எண்ணைப் பார்த்து பிரிஜெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், குரோம் ஃபேக்டரி தண்ணியில குரோமியமே காணோம். எங்க வீட்டு போர் தண்ணிகூட இவ்ளோ சுத்தமா வராது. இத நீங்க குடிப்பீங்களா சார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆதிகேசவனுக்கும் ஒன்றும் புரியவில்லை. திரும்பும்போது பஸ் யஷ்வந்த்பூர் தாண்டிய பிறகுதான் விளங்கியது.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைக்கு அதிகாரி யாராவது பாட்டிலோடு வாய்க்கால் பக்கம் வந்தால், அவர் குனிவதற்குள் போர்வெல் வால்வைத் திறந்து கழிவில் நல்ல தண்ணீரைக் கலந்துவிட வேண்டும். அது ஆதிகேசவனின் வேலை. பதினோரு வருடமாக அவருடைய வலது கை பாட்டிலைக் கண்டால் நேராக வால்வுக்குப் போகும். இந்த முறை பாட்டில் அவருடைய இடது கையிலேயே இருந்தது. வலது கைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, கடமையைச் செய்துவிட்டது.

வீட்டில் சொன்னபோது மகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும்தான் முகம் மாறியது.

"இப்ப மறுபடி எடுத்து உள்ளத உள்ளபடி எழுதுனா, ரூம் குடுப்பாரா ஒங்க மொதலாளி?"

"ரூமா? இருக்குற வேலையே நிக்குமோ என்னமோ."

"பழைய நம்பரயே எழுதிட்டா?"

"பாஸாயிடுவேன். மேடம் சந்தேகப்படுவாங்க, ஆனா பேப்பர்ல இருக்குறதுக்குத்தான மார்க்கு."

அடுத்த மூன்று நாள் ஆதிகேசவன் ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாப்பிட்டார். குழாய் திறந்தே கிடந்தது, அதட்டல் இல்லை. மகாவுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை பகல் உணவு இடைவேளையில் ஆதிகேசவன் வாய்க்காலோரம் போய்க் குந்தினார். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, உறை மாட்டிய இடது கையால் பாட்டிலைப் பிடித்தார். குரோமியம் கலந்த தண்ணீர் நல்ல மஞ்சளாக ஏறியது.

மாடி வராந்தாவில் நின்ற தேசிகன் எட்டிப் பார்த்தார். "ஏன் ஆதி, வால்வு தொறக்க மறந்துட்டியா?"

"மறக்கல சார்."

ஆதிகேசவன் பாட்டிலை இறுக மூடித் துடைத்து லேபிளை ஒட்டினார். லேபிளில் இரண்டு கையெழுத்து வேண்டும்: மாதிரி எடுத்தவர் ஒருவர், தொழிற்சாலையின் சார்பில் ஒருவர். இத்தனை வருடமும் அதிகாரிகளின் லேபிளில் இரண்டாவது கையெழுத்து ஆதிகேசவனுடையது. இன்று முதல் கோட்டில் தன் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதினார். எழுதிவிட்டு மாடிப்படி ஏறிப் போய், தேசிகனின் மேசைமேல் பாட்டிலை வைத்து, லேபிள் அவர் பக்கம் இருக்கும்படித் திருப்பி, பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார்.