ரப்பர் மீனும் ஐந்தாவது தூண்டிலும்

மேலூர் தாண்டி ஒரு கண்மாய். அதில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருந்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து தூண்டில்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். காசு கிடையாது, பதிலுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு தூண்டிலிலும் அன்று சிக்கும் முதல் மீன் கண்மாய்க் காவல்காரருக்கு, மற்றதெல்லாம் பிடித்தவருக்கு. நான்கு ஆண்கள், ஐந்தாவதாக நான். ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி வந்துவிட்டது. ஐந்தாவது தூண்டிலிலிருந்து காவல்காரர் வீட்டுக்கு ஒரு செதில்கூடப் போய்ச் சேரவில்லை.

காரணம், நான் போட்ட இரை. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. ஒரு சாணுக்கு மேல் நீளம், உடம்பில் மூன்று மூட்டு, ரப்பர் வால், விலாவில் இளஞ்சிவப்புக் கோடு. அங்கே டிரவுட் என்று ஒரு மீன் உண்டாம். அதை விழுங்க வரும் பாஸ் என்கிற பெரிய மீனைப் பிடிக்க, அச்சு அசல் டிரவுட் மாதிரியே செய்து விற்கிறார்கள். தண்ணீரில் இழுத்தால் இடுப்பை ஒடித்து ஒடித்து நீந்தும். நம் கண்மாயில் டிரவுட்டும் இல்லை, பாஸும் இல்லை, விரால் இருக்கிறது. விராலுக்கு மட்டும் வாய் இல்லையா என்பது என் கட்சி.

மற்ற நால்வரும் ரப்பர் தவளை போடுவார்கள். அல்லி இலைகளின் மேல் தவளை தத்தித் தத்தி வரும், கீழிருந்து விரால் பாய்ந்து அடிக்கும். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாளே என் மீனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைக்குக் கை மாற்றிச் சிரித்தார்கள். என்னை அந்தக் கண்மாய்க்குக் கூட்டிப்போனவர் அவனியாபுரத்தில் எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பவர். குழுவுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. அவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி, இதக் குழம்பு வச்சா எத்தனை பேரு சாப்பிடலாம்?” என்று கேட்டார்.

நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாகக் கிளார்க்காக இருக்கிறேன். ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க’ என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் அனுசரிக்கிறேன், ஏழாவது நாளும் எதற்கு? பிடித்தால் இதில்தான் பிடிப்பது என்று அன்றே முடிவுசெய்தேன். பட்டறைக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்த இரண்டு தவளைகளும் உறை பிரிக்காமல் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்தன.

ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை மாலையே சர்ச்சில் முடித்துக்கொள்வேன். ஞாயிறு விடிவதற்குள் ரிங் ரோட்டில் ஸ்கூட்டரை விரட்டுவேன். அந்த மீன் நூறு கிராமுக்கு மேல் கனம். நாள் முழுக்க அதை வீசி வீசித் தோள் கழன்றுவிடும். பாசியில் மாட்டும், அல்லிக்கொடியில் மாட்டும், ஒருமுறை என் துப்பட்டாவிலேயே மாட்டியது. கொடி இல்லாத ஆழமான தண்ணீர் மடைக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது, அதனால் மடைக்கல்லே என் இடமாகிவிட்டது. இரண்டு மூன்று தடவை பெரிய விரால் பின்னாலேயே வந்து, மோந்து பார்க்கிற மாதிரி நின்று, திரும்பிப் போனது. பெரிய வாய்க்குப் பெரிய தீனி வேண்டும், என்றைக்காவது நல்ல பசியோடு ஒன்று வரும் என்று நம்பினேன். வீட்டுக்காரர் என் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே, “அந்தத் தவளையத்தான் ஒரு நாளு போட்டுப் பாரேன்” என்றார். அவர் கையைத் தட்டிவிட்டு நானே தேய்த்துக்கொண்டேன்.

மார்கழி பாதியில் பேச்சு வந்தது. பட்டறைக்காரரின் மச்சினன் புதிதாகத் தூண்டில் வாங்கியிருந்தான். ஐந்துக்கு மேல் ஆறாவது ஆள் நிற்க முடியாது.

“பொங்கலுக்குள்ள ஒரு மீனு காட்டு தங்கச்சி. இல்லாட்டி எடத்த மாப்ளைக்கு விட்டுரு. காவக்காரரும் சடைச்சுக்கிறாரு” என்றார் பட்டறைக்காரர்.

காவல்காரர் பக்கத்திலேயே நின்றார். “நாள் பூராம் நிக்கிற தாயி. எனக்கு என்ன வருது?” என்றார்.

நியாயமான பேச்சுதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான்கு பேரும் தவளை போட்டு இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். தவளை போட்டுக் காப்பாற்றுகிற இடம் என்னுடைய இடமா, தவளையின் இடமா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. மச்சினன் என் இடத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகவே வந்துவிட்டான். தூண்டில் பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. காவல்காரர் மொபெட்டில் மறுகரைக்குப் போயிருந்தார்.

எட்டு மணி வாக்கில் மடைக்கு அருகே ஓரிடத்தில் தண்ணீர் உலை மாதிரி கொதித்தது. சிவப்பாக, விரல் நீளம்கூட இல்லாத விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், மேலே வந்து மூச்சு வாங்கிக் கீழே போய்க்கொண்டிருந்தன. குஞ்சு இருந்தால் அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். நால்வரும் ஓடிவந்து மாற்றி மாற்றித் தவளை வீசினார்கள். ஒன்றும் எழவில்லை. தவளையில் ஏற்கெனவே ஒரு முறை மாட்டித் தப்பிய மீனாக இருக்கும் என்று பட்டறைக்காரரே சொல்லிவிட்டு விலகினார்.

நான் வீசினேன். ரப்பர் மீன் இடுப்பை ஆட்டிக்கொண்டு குஞ்சுக் கூட்டத்தின் ஓரமாகப் போனது. விளக்குமாற்றால் தண்ணீரை ஓங்கி அடித்த மாதிரிச் சத்தம். தூண்டில் வளைந்து கை தண்ணீரைத் தொட்டது. மடைக்கல்லில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். யாரோ பிடிக்க வந்தார்கள், தள்ளிப் போகச் சொன்னேன். கரைக்கு வந்தபோது விரால் என் கெண்டைக்கால் தடிமன் இருந்தது. மூன்று கிலோவுக்குக் குறையாது. ரப்பர் மீனின் தலையை அது கடித்து நசுக்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று மாதம் நான் நினைத்ததெல்லாம் தப்பு. பசியை எதிர்பார்த்துக் காத்திருந்தேன், வந்தது கோபம். தன் இடத்துக்குள் ஒரு பெரிய மீன் நுழைவதைப் பார்த்து, தின்ன அல்ல, துரத்தத்தான் அது அடித்திருக்கிறது. எனக்கு அதன் மேல் இரக்கம் எல்லாம் வரவில்லை. மரியாதை வந்தது. கரையோரமாகக் குஞ்சுகள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தன.

“தூக்கித் தரையில போடு தங்கச்சி, தப்பிச்சிரும்” என்றார் பட்டறைக்காரர்.

பிளேயரால் முள்ளைக் கழற்றி, விராலைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டேன். குஞ்சுகளுக்கு அடியில் போய் நின்றது. நால்வரும் தண்ணீர் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். மச்சினன் மட்டும், “அப்ப இது கணக்குல வராதுல்ல மாமா?” என்றான்.

அதற்குள் காவல்காரர் வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் கடுத்துவிட்டது.

“மொத மீனு எனக்குல்ல? யாரக் கேட்டு விட்ட?”

“ஆமாண்ணே, உங்க மீனுதான். கேக்காம விட்டது என் தப்பு. ஆனா எடத்த விடமாட்டேன்” என்றேன்.

“ஏன் விட்ட?”

குஞ்சுகளைக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார்.

“போன வாரம் தூக்குனீகளே, அதும் குஞ்சோட நின்னதா?”

பட்டறைக்காரர் தன் தவளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு மீன எனக்குக் குடுத்துட்டு அம்புட்டுக் குஞ்சையும் கொக்குக்குப் போட்டுட்டுப் போறீகளா? அடுத்த வருசம் எனக்கு என்ன மிஞ்சும்? இந்தத் தாயி நிக்கட்டும். இது ஒண்ணாலதான் என் கண்மாய்க்குச் சேதாரம் இல்ல.”

அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். குஞ்சுகளை நினைத்து நான் மீனை விட்டதாக அவர் எண்ணிக்கொண்டார். அது தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் அடித்ததற்காகத்தான் விட்டேன் என்று நான் திருத்தவில்லை. மச்சினன் நூலைச் சுற்றிக்கொண்டு வண்டிப் பக்கம் போனான். தலை நசுங்கிய ரப்பர் மீனை எடுத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கட்டினேன்.

இன்றுவரை அதில் வேறொரு விரால் சிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் மடைக்கல்லில் நின்று அதையேதான் வீசுகிறேன்.