உப்புத் தண்ணீர் பட்ட கை

பத்தாவது வரை தமிழில் படித்த நான், பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறினேன். எதுவும் புரியவில்லை. வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் தலை குனிந்து நிற்பேன். அப்பா இல்லாத வீடு. மரக்காணம் உப்பளத்தில் நாளெல்லாம் வெயிலில் நிற்கும் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

ஒருநாள் தாங்க முடியாமல் என் கையை நானே காயப்படுத்திக்கொண்டேன். மனம் சற்று அடங்கியது. பின்னாலேயே வெட்கம் வந்தது. ஆனாலும் மறுபடி செய்தேன். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தேன்.

கோடை விடுமுறையில் அம்மாவோடு வேலைக்குப் போனேன். உப்பை வாரிக் கூடையில் போடும்போது பாத்தித் தண்ணீர் சட்டைக் கைக்குள் புகுந்தது. எரிச்சலில் கத்திவிட்டேன். அம்மா ஓடிவந்து சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தாள்.

"யாருடி பண்ணது?"

"நான்தாம்மா."

அடிப்பாள் என்று நினைத்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினாள்.

"செத்துடலாம்னு நெனச்சியா?"

"இல்லம்மா. மனசுக்குள்ள ஒரே இரைச்சலா இருக்குது. இப்படிப் பண்ணா கொஞ்ச நேரம் அடங்கும்."

"அப்புறம்?"

"திரும்ப வந்துடும்."

என் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள். "எனக்கு இதெல்லாம் தெரியலடி. தெரிஞ்சவங்ககிட்ட போவோம்."

மறுநாளே திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஆலோசகர் ஓர் இளம்பெண். அவர் என்னைத் திட்டவில்லை, சத்தியமும் வாங்கவில்லை. "அந்த நெனப்பு ஏறும், அப்புறம் தானா எறங்கும். ஏறுற நேரத்துல மட்டும் தனியா இருக்காதம்மா" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். எனக்குப் பைத்தியம் இல்லை என்று யாரோ சொன்னது போலிருந்தது.

அதன்பின் நினைப்பு ஏறினால் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவள் காரணம் கேட்காமல் பூண்டை உரிக்கக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் அத்தனை பூண்டுக் குழம்பு எந்த வருஷமும் வைத்ததில்லை. நடுவில் ஒருமுறை தவறினேன். நானே போய்ச் சொன்னேன். "சொன்னியே, அதுவே போதும்" என்று அணைத்துக்கொண்டாள்.

வகுப்பில் எதுவும் புரியாததையும் பூண்டு உரித்தபடியே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பள்ளி திறந்ததும் என்னைத் தமிழ் வழிக்கு மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் பேசினாள். முதல் நாள் இயற்பியல் பாடம் முழுவதும் புரிந்தது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவுக்கு அதை அப்படியே நடத்திக் காட்டினேன்.

இப்போது புதுச்சேரியில் கல்லூரிப் படிப்பு. மோசமான நாட்கள் வரத்தான் செய்கின்றன. அறைத் தோழியிடம் சொல்லிவிடுவேன். "வாடி, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று இழுத்துக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது பெரும்பாலும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்போம்.