நிற்காத மெஷின்

கம்பெனி கொடுத்த டேப்லெட் கைக்கு வந்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. நல்லம்பள்ளி பக்கம் சட்டை தைக்கும் கம்பெனியில் நான் ஃப்ளோர் மேனேஜர். ஒவ்வொரு தையல் மெஷினும் அந்தத் திரையில் ஒரு கட்டம். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. என் கையில் தெரிவது பெங்களூரில் பெரிய மேனேஜர் கையிலும் தெரியும். சிவப்பு நீடித்தால் போன் வந்துவிடும். பாத்ரூமுக்குக்கூட அந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டுதான் போவேன்.

அன்று அவரே நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். பார்த்து வைத்ததுபோல, கடைசி வரிசைப் பெண் ஒருத்தி காலையிலேயே வாந்தி எடுத்துவிட்டு ஓய்வறையில் போய்ப் படுத்துவிட்டாள். மாசமாக இருக்கிறாள். ஆபீசுக்குத் தெரியாது, தெரிந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவள் கட்டம் மட்டும் பச்சையாகவே இருந்தது. பதறிப்போய் ஓடினேன். ஆளில்லாத மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நூலைக் கழற்றிவிட்டு, பெடல் மேல் களி நிறைந்த டிபன் கேரியரைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

“கண்டுக்காதீங்கக்கா,” என்றாள் பக்கத்து மெஷின்காரி. “செவப்பு வந்தா அவள வூட்டுக்கு அனுப்பிருவாங்க. அவ பங்கையும் நாங்களே தெச்சுக் குடுத்துடறோம்.”

நான் கண்டுகொள்ளவில்லை. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

பெரிய மேனேஜர் வந்தார். மனிதர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. தன் டேப்லெட்டைப் பார்த்தபடியே நடந்தார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். பாதி ஹாலில் சட்டென்று நின்றார்.

“இந்தக் கடைசி மெஷின் யாருது மேடம்? காலைலருந்து ஒரு தடவகூட நிக்கலியே! கூப்பிடுங்க அவங்கள.”

நான் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினேன். அதற்குள் யாரோ கேரியரை நகர்த்திவிட்டு, அவளை எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள். முகம் கழுவிய ஈரத்தோடு, துப்பட்டாவை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். டேப்லெட்டிலேயே அவளைப் போட்டோ எடுத்தார். “கொஞ்சம் சிரிங்கம்மா,” என்றார். சிரித்தாள். எல்லோரும் கைதட்டினோம். அப்பாடா, பிழைத்தோம் என்றிருந்தது எனக்கு.

அவர் திரையில் எதையோ தட்டினார். என் கையிலிருந்த டேப்லெட் அதிர்ந்தது.

“நாளைலருந்து எல்லாருக்கும் இவங்க ஓட்டின அளவுதான் டார்கெட். எட்டாதவங்க பேர வாரக் கடைசில எனக்கு அனுப்பிடுங்க.”

“சரிங்க சார்,” என்றேன். வேறென்ன சொல்ல? அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மெஷின் ஓடிய அளவுக்கு எந்த மனுஷியாலும் தைக்க முடியாது. நான் அனுப்பப்போகும் முதல் பெயர் அவளுடையதாகத்தான் இருக்கும்.