காலிக் கட்டத்தில் கங்கம்மா

படப்பை ரோட்டில் எங்கள் சுவிட்ச் கம்பெனி. அதில் கங்கம்மா பதினான்கு வருஷமாகப் பேக்கிங் செக்ஷன். எண்பத்தைந்திலேயே பர்மனென்ட் ஆனவள். சங்கு ஊதிய பிறகு கேட்டில் நுழைந்ததே இல்லை.

தொண்ணூற்றாறு மே மாதம் ஒரு சனிக்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். தற்காலிக ஆட்கள் திங்கள் முதல் வரவேண்டாமாம். கீழே பட்டியல். மூன்றாவது பெயர் கங்கம்மா.

"இன்னாது! பதினாலு வருசமா பொட்டி கட்டிக்கினு கீறேன், நான் டெம்பரவரியா?"

நேராகக் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனாள். பின்னாலேயே நாங்கள். ஆட்கள் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்து, முதலில் எங்கள் செக்ஷனை ஏற்றியிருந்த ஸ்ரீரங்கன், ஏ.சி. ஜலதோஷத்தில் மூக்காலேயே பேசினார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்கோ. லிஸ்ட் சரியாத்தான் இருக்கு. பர்மனென்டா, டெம்பரவரியான்னு ஒரு கட்டம். காலியா விட்டா அதுவே டெம்பரவரின்னு போட்டுக்கும். டீஃபால்ட்டுன்னு பேர். நான்தான் வெச்சேன்."

"என் கட்டம் ஏன் காலி?"

கிளார்க் லக்ஷ்மிநாராயணனைப் பதிவேட்டோடு இழுத்து வந்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டெம்பரவரிக்கு மட்டும் செவப்பு மையில 'டி' போடுவேன். பர்மனென்ட்காரா எங்க போகப்போறா? காலியா விட்டுடுவேன். இருபது வருஷமா அப்படித்தான். என்னை யார் கேட்டா?"

அந்த ஒரு கேள்வி கேட்காததால் எங்கள் செக்ஷன் பர்மனென்ட் ஆட்கள் அறுபத்து மூன்று பேரும் தெருவில்!

"டீஃபால்ட்டை மாத்திடறேன்" என்று ஸ்ரீரங்கன் இரண்டு தட்டு தட்டினார். மறுபடி பிரின்ட் எடுத்தால் கங்கம்மா அங்கேயே இருந்தாள்.

"அது இனிமே சேர்றவாளுக்குத்தாம்மா. ஏறினது ஏறினதுதான். செவப்பு 'டி'யும் காலியும் இப்ப ஒண்ணாயிடுத்து. பதிவேட்டைப் பாத்து ஒவ்வொண்ணா திருத்தணும். உங்களதை இப்பவே பண்றேன், மத்தவாளது அடுத்த வாரம்..."

"திங்கக்கெழம வாட்ச்மேன் கையில இந்த லிஸ்ட்டுதான சார் இருக்கும்? அத்தினி பேரையும் வெளிய நிக்கவச்சிட்டு நான் மட்டும் உள்ள போவணுமா? எம்பேர கடசியா போடு."

ஸ்டூலை இழுத்து வாசலை அடைத்து உட்கார்ந்தாள். கிளார்க் படிக்க, ஸ்ரீரங்கன் தட்ட, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அவள் பெயர் திருந்தியது.

வெளியே புது நோட்டீஸ் ஒட்டினார்கள்: 'கம்ப்யூட்டர் செய்த தவறுக்கு வருந்துகிறோம்.'

நான் படித்துக் காட்டியதும் கங்கம்மாவுக்கு மறுபடி கோபம் ஏறிவிட்டது.

"அது இன்னா பண்ணும், பாவம்! அந்தப் பேர அடிச்சிட்டு உங்க பேர எழுதுங்க சார். ரெண்டு பேரும்!"