பன்றிக் கொழுப்பில் பொரித்த பணிஸ்

என் கணவர் கனடாவுக்கு வருமுன் நான்கு வருடம் வியன்னாவில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தவர். கலியாணம் முடித்து நான் வந்து சேர்ந்தபோது மில்லிக்கன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் சமைப்பார்.

முதல் ஞாயிறே பெரியதொரு மாட்டிறைச்சித் துண்டை எலும்போடு அவியவிட்டார். சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு வந்தது. மிளகாய்த்தூளும் இல்லை, மஞ்சளும் இல்லை. எலும்பைத் தட்டி உள்ளே இருந்த மச்சையைப் பாண் துண்டில் தடவி, உப்புத் தூவித் தின்றார். ஒழுங்கான யன்னல் இல்லாத வீடு. அந்த வெடுக்கு செவ்வாய்க்கிழமை வரை என் தலைமயிரில் இருந்தது.

மீனும் ஆடும் தின்று வளர்ந்தவள்தான் நான். ஆனால் மாடும் பன்றியும் எங்கள் வீட்டுப் படலைக்குள் வந்ததில்லை.

"இனி வீட்டுக்குள்ள மாடு வேண்டாம்" என்றேன். அவர் மறுக்கவில்லை. அடுத்த கிழமை கோழி ஈரலைப் பச்சையாக அரைத்து, ஊறிய பாணோடு கையால் பிசைந்தார். விரல்களுக்கிடையே அது பிதுங்கியதும் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாசியில் ஒருநாள், "இண்டைக்கு இனிப்பு. இறைச்சி ஒண்டுமில்லை, பயப்பிடாதையும்" என்றார். மாவும் முட்டை மஞ்சட்கருவும் பாலும் சேர்த்துப் புளிக்கவைத்து, உருண்டைப் பணிஸாகப் பொரித்தார். உள்ளே அப்ரிகொட் ஜாம், மேலே சீனித்தூள். நான் மூன்று சாப்பிட்டேன். மேல்வீட்டு அன்ரிக்கும் இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுச் சொந்தக்காரி அவர், கேக்கில் போடும் முட்டையைத் தவிர மச்ச மாமிசம் தொடாதவர்.

பின்னேரம் சட்டியைக் கழுவப் போனால், எண்ணெய் மெழுகுபோல வெள்ளையாக உறைந்து கிடந்தது.

"இதென்ன எண்ணெய்?"

"எண்ணெயில்லை, பண்டிக் கொழுப்பு. வியன்னாவில உதிலதான் பொரிக்கிறது."

"இறைச்சி இல்லையெண்டு சொன்னனீங்கள்."

"இறைச்சி இல்லைத்தானே" என்றார், விளங்காதவர்போல.

குளியலறைக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். மூன்று தரம் பல் தீட்டியும் அண்ணத்தில் ஏதோ பிசுபிசுத்தது. அன்ரியிடம் சொல்லவேண்டும் என்று இரண்டு தரம் மாடிப்படியில் ஏறி, கதவடியிலேயே திரும்பி வந்தேன். வீட்டை விட்டு எழுப்பிவிடுவார் என்ற பயம்.

நாலு நாள் கழித்து அன்ரியே இறங்கி வந்தார். "பிள்ளை, உந்தப் பணிஸ் நல்ல மெதுமையாய் இருந்தது. அடுத்தமுறை சுட்டால் எனக்கும் எடுத்து வையும்."

"ஓம் அன்ரி" என்றேன்.

புதுச் சட்டி வாங்கி, கணவரை மரக்கறி எண்ணெயில் பொரிக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே பொரித்தார். அன்ரி ஒன்றைக் கடித்து மென்றார். "நல்லாய்த்தான் இருக்கு. எண்டாலும் முந்தின ருசி இல்லை."

நானும் ஒன்று சாப்பிட்டேன். அன்ரி சொன்னது சரி. முந்தின ருசியைத் தேடிய என் நாக்கின் மேல்தான் அன்று எனக்கு அருவருப்பு வந்தது. அன்ரிக்கு நான் கடைசிவரை சொல்லவேயில்லை.