கண் கழுவும் பாட்டில்

நான் வேலை பார்க்கும் ரைஸ் மில் நன்னிலம் போகும் சாலையில் இருக்கிறது. கணக்கெழுதத்தான் சேர்ந்தேன். முதலுதவிப் பெட்டி என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்ததால் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. யாருக்கு அடிபட்டாலும் உடனே என்னிடம் சொல்ல வேண்டும். நான் மருந்து போட்டு, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கச் சம்பளத்தோடு அனுமதி கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

பெட்டியில் பிளாஸ்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும். பாதி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் முழங்காலில் ஒட்டிக்கொள்கிறது என்று தெரியும், கண்டுகொள்வதில்லை. ஆனால் கண் கழுவும் பாட்டிலின் சீல் மட்டும் உடையவே இல்லை. காலாவதியானதைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கி வைத்தேன். அதுவும் அப்படியே இருந்தது. களத்தில் அவித்த நெல்லைப் பெண்கள் நாள் முழுக்கக் காலால் தள்ளிக் காயவைக்கிறார்கள். காற்றடித்தால் நெல்லுச் சுணை பறந்து ஆபீஸில் என் டீ டம்ளர் வரைக்கும் வருகிறது. இத்தனை பேரில் ஒருவர் கண்ணில்கூடவா விழாது? இந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

கேட்டால் சிரிப்பார்கள். "எங்க கண்ணுக்கு நெல்லு பழகிப்போச்சு மேடம்."

களத்துப் பெண்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். ஒருநாள் காலையில் அவர் முந்தானையால் வலது கண்ணை ஒற்றிக்கொண்டே வந்தார். "சும்மா கண்ணு வலி மேடம். ஊரெல்லாம் இருக்குல்ல" என்றார். நான் விடுகிற ஆளா? வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் இமையை விலக்கிப் பார்த்தேன். கருவிழியில் நொய்யளவு வெள்ளைப் புள்ளி. அப்படியே ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "எப்ப விழுந்துச்சு?" என்றார்.

"போன வாரம்."

"கண்ணுல என்ன ஊத்துனீங்க?"

அக்கா சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார்.

"சுணை கீறுன எடத்துல பூஞ்சை புடிச்சிருக்கு. அன்னைக்கே வந்திருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் போயிருக்காது. இனிமே பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

வார்டில் படுக்கவைத்த பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார். தாய்ப்பால் ஊற்றிக்கொண்டாராம். யார் ஊற்றினார்கள் என்றேன். "அதெல்லாம் கேக்காதீங்க மேடம்" என்றார். கேட்காதே என்று என்னிடம் சொல்வதும் கேள் என்று சொல்வதும் ஒன்றுதான்.

களத்துக்குக் கைக்குழந்தையோடு வருகிறவள் ஒருத்திதான். மறுநாள் டீ நேரத்தில் உமிக் குவியலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வேப்பங்கிளையில் தூளி தொங்கியது. அதற்குக் கீழே, களத்திலேயே சின்னவளான கைப்பிள்ளைக்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இன்னொருத்தி தலைசாய்த்து, ஒரு கண்ணை அகலத் திறந்துகொண்டு கிடந்தாள். என்னைக் கண்டதும் படுத்திருந்தவள் எழுந்து ஓடிவிட்டாள். இவள் மட்டும் கூச்சமே இல்லாமல், "வாங்க மேடம்" என்றாள்.

"ஏம்மா, அடிபட்டா சொல்லுங்கன்னு தொண்டை கிழிய கத்துறேன். ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"சொல்லாம இருப்பாங்களா? அன்னன்னைக்கே சொல்லிடுவாங்களே. எங்கிட்ட."

பிறகு மளமளவென்று ஒப்பித்தாள். யாருக்கு, எந்தக் கண்ணில், தூசியா சுணையா, எப்போது சரியானது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்கு முன்னால் வேறொருத்தி ஊற்றினாளாம். அவள் பிள்ளை பாலை மறந்ததும் எல்லோரும் இவளிடம் வந்துவிட்டார்கள். "உங்ககிட்ட வந்தா வீட்டுக்குப் போம்பீங்க, ஆஸ்பத்திரிக்குப் போம்பீங்க, அன்னைக்குக் கூலி போச்சு. இங்க மடியில தலைய சாச்சா முடிஞ்சுது."

எனக்குப் பொறாமையாக இருந்தது. என் பெட்டியைத் தேடி வராதவர்கள் இவள் மடியைத் தேடி வந்திருக்கிறார்கள். அந்த எரிச்சலிலேயே அக்காவின் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது.

"நான் ஊத்துனதாலயா மேடம்?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அடுத்த முறை தஞ்சாவூர் போனபோது கேட்டேன். "பால் மருந்து கெடையாது, ஊத்தக் கூடாது. ஆனா அதைவிட, பால் ஊத்தியாச்சு, சரியாயிடும்னு நம்பி உக்காந்திருந்தாங்க பாருங்க, அந்த நாளுங்கதான் கண்ணைக் கெடுத்துச்சு" என்றார் டாக்டரம்மா. வந்து அப்படியே அவளிடம் சொன்னேன். தூளியை அவிழ்த்துப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவள் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. மற்றவர்களும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

தீபாவளிக்கு முன்னால் அக்கா திரும்பி வந்தார். வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வலப்பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கவும் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. வந்ததும் என்னிடம் முதலில் கேட்டது, "அவ எங்க?"

சாயங்காலமே கைப்பிள்ளைக்காரியின் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள நான் துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் இன்றுவரை சொல்லவில்லை. மறுநாள் காலையில் தூளி பழைய கிளையிலேயே தொங்கியது.

தை அறுவடை முடிந்து நெல் வந்து குவிந்த சமயம். அக்கா அவளை மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று ஆபீஸுக்கு இழுத்து வந்தார். ஒரு கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"இப்பத்தான் மேடம் விழுந்துச்சு. கசக்க விடல."

வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு யாரு மேடம் ஊத்துவா?"

பாட்டிலின் சீலை உடைத்தேன். அக்கா அவள் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பாதி பாட்டில் காலியானபோது சுணை இமையோரம் வந்து நின்றது. துடைத்து எடுத்தேன். ஆனாலும் டாக்டர் பார்க்கட்டும் என்று ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

அதற்குள் அக்கா அவளுடைய நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்தினார்.

"என்னப் பாரு. மூஞ்சி தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"மூக்குத்தி?"

அவள் சிவந்த கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். "தெரியுது. ஒரு கல்லு விழுந்திருக்கு."

அது அக்காவுக்கே தெரியாது. வலது மூக்கைத் தடவிப் பார்த்தார். "ஆமா" என்றார். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தார்.