அமைதி அறையில் பியானோ

மெல்லிய பியானோ இசை காதில் விழுந்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. பக்கத்து வீட்டில் யோகாவுக்கு அதைப் போட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ஒரு காலத்தில் விரும்பிக் கேட்டவள்தான். மகள் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மணவாள நகரில் அவளைக் கம்பெனி பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் எனக்குப் படபடப்பு தொடங்கிவிடும். போய்ச் சேர்ந்தாளா, சாப்பிட்டாளா என்று போன் மேல் போன் போடுவேன்.

"பேஜார் பண்ணாதம்மா. இத்தக் கேட்டுக்கினு கம்முனு இரு" என்று என் போனில் அந்த இசையைப் போட்டுத் தந்தவளே அவள்தான்.

பிறகு ஒரு நாள், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினில் அவள் வலது கை சிக்கியது. இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

மூன்றாவது வாரம் கம்பெனியில் கூப்பிட்டார்கள். நானும் அவளும் போனோம். கதவில் 'அமைதி அறை' என்று எழுதிய ஓர் இடத்தில் உட்கார வைத்தார்கள். மெத்தை நாற்காலி, ஏசி, பூ வாசனை. மூலையிலிருந்த ஸ்பீக்கரில் பியானோ. ஒரு கட்டை ஒலிக்கும். அது முழுக்க அடங்கிய பிறகு, மனசே இல்லாமல் இன்னொன்று.

"கொஞ்ச நேரம் கண்ண மூடிக் கேளுங்கம்மா, மனசு லேசாயிடும்" என்றார் அதிகாரி. கண்ணைத் திறந்தபோது மேஜையில் ஒரு தாள் இருந்தது. 'விபத்து என் கவனக்குறைவால் நேர்ந்தது.' பக்கத்தில் மை பேடு.

"வலது கையில கட்டு இருக்குல்ல? இடது கட்டைவிரல் வெச்சாப் போதும்."

டிப்ளமா படித்த பெண்ணிடம் கைநாட்டு கேட்கிறார்கள், அதுவும் இசை போட்டு. எனக்கு வாயில் கசந்தது.

மகள் தலையைச் சாய்த்தாள். "அம்மா, கேக்குதா?"

"கேட்டுக்கினுதானே கீறேன். கண்றாவி."

"பாட்டு இல்லம்மா. செவுத்துக்கு அந்தாண்ட."

இரண்டு ஒலிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் அது எனக்கும் கேட்டது. தட், தட், தட். பிரஸ்.

"அது என் மிஷின்" என்றாள். "ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்குனாத்தான் எறங்கணும். உருப்படி நெறைய வரணும்னு ஒரு பட்டன அமுக்குனாப்பலயே டேப் போட்டு ஒட்டிட்டாங்க. அதனாலதான் என் கை உள்ள இருக்கும்போதே எறங்குச்சு. இன்னும் அந்த டேப்ப எடுக்கலம்மா. எடுத்திருந்தா இவ்ளோ வேகமா அடிக்காது. வேற எவளோ உக்காந்துகினு கீறா."

அதிகாரியைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. ரிமோட்டை எடுத்து இசையின் சத்தத்தைக் கூட்டினார்.



மகள் அவருடைய பேனாவை இடது கையில் எடுத்தாள். அச்சடித்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே கோணல்மாணலாக எழுதினாள்: 'ஒரு பட்டன் ஒட்டி வைத்திருந்தார்கள். இப்போதும் ஒட்டித்தான் இருக்கிறது.' நான் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அவர் தாளுக்குக் கை நீட்டினார்.

"மொதல்ல போய் மிஷின நிறுத்துங்க சார்" என்றாள் மகள். "அப்பால எடுத்துக்கலாம்."

அவர் எழுந்து போனார். போன பிறகும் அது இடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு இடிக்கும் மகள் கட்டுப் போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். பதினேழு எண்ணினேன். பிறகு நின்றது.